எல்லையைத் தாண்டினால் செல்லாத துப்பாக்கி உரிமம்: விமானப் பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வசிப்பவர்களுக்குத் தமிழக எல்லையான களியக்காவிளை சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. எல்லையின் இருபுறத்து மக்களுக்கும் மிக அருகில் இருப்பது திருவனந்தபுரம் விமான நிலையம்தான். காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் அன்றாடம் கடக்கும் இந்த எல்லை, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் சட்டப்படி ஒரு சுவராகவே நிற்கிறது.

காவல் பணியில் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள், காட்டுப்பன்றித் தொல்லைக்கு ஆளான விவசாயிகள், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் எனப் பலர் முறையான உரிமம் வைத்திருக்கின்றனர். விமானத்தில் துப்பாக்கியைக் கொண்டுசெல்வது அறவே தடை செய்யப்பட்டது என்று இவர்களில் சிலர் எண்ணுகின்றனர்; உரிமம் இருந்தால் எங்கும் கொண்டுசெல்லலாம் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டுமே சரியல்ல.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் ஒவ்வோர் உரிமத்திலும் அது செல்லுபடியாகும் பரப்பு குறிப்பிடப்பட்டிருக்கும். அது ஒரு மாவட்டமாகவோ, ஒரு மாநிலமாகவோ, நாடு முழுவதுமாகவோ இருக்கலாம். கேரளத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற பாறசாலைக்காரர், திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கோ கண்ணூருக்கோ துப்பாக்கியுடன் பறப்பதில் பரப்புச் சிக்கல் எழாது. சென்னையில் இறங்கினால் அவரது உரிமம் அங்கே செல்லாது.

களியக்காவிளைக்காரரின் நிலை இதைவிட விசித்திரமானது. அவரது உரிமம் தமிழகம் முழுவதற்கும் செல்லும். அவர் போக வேண்டிய சென்னையும் தமிழகத்தில்தான் உள்ளது. ஆனால் விமானம் ஏற வேண்டிய இடம் கேரளம். விமான நிலையத்துக்குச் செல்லும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சாலையிலேயே அவர் உரிம நிபந்தனையை மீறியவராகிவிடுகிறார். பரப்பை விரிவாக்க உரிம அதிகாரியிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். இல்லையெனில் தூத்துக்குடி அல்லது மதுரை விமான நிலையத்துக்குச் செல்வதே அவருக்குப் பாதுகாப்பான வழி.

2020 ஜனவரி 8 அன்று இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய சம்பவம் நடந்த எல்லையில், துப்பாக்கியுடன் வருபவரிடம் காவல்துறை கேள்வி கேட்பதில் வியப்பில்லை.

உரிம நிபந்தனையை மீறுவோருக்குச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உரிமத்தை ரத்து செய்யவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உரிமமே இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இதைவிடக் கடுமையான, 25-ஆவது பிரிவின் கீழ் வரும் குற்றமாகும்.

பரப்புச் சிக்கல் தீர்ந்த பின்னரே விமான நிலைய நடைமுறை தொடங்குகிறது. பயணிகள் அமரும் பகுதிக்குத் துப்பாக்கியோ தோட்டாவோ செல்ல முடியாது. பயணச்சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் தெரிவிப்பது நல்லது. எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை, ஏற்பவற்றில் சில தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. வழக்கமாக ஒருவருக்கு ஒரு துப்பாக்கியும் 50 தோட்டாக்களும் அனுமதிக்கப்படுகின்றன. வழக்கத்தைவிட முன்னதாகவே நிலையத்துக்குச் சென்று, உடைமைகளை ஒப்படைக்கும் கவுன்ட்டரில் மூல உரிமத்தைக் காட்டி, துப்பாக்கியில் தோட்டா நிரப்பப்படவில்லை என எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும். பாதுகாப்புப் பணியாளர் முன்னிலையில் அது சரிபார்க்கப்படும். துப்பாக்கியும் தோட்டாக்களும் தனித்தனியே பூட்டிய நிலையில், விமானத்தின் சரக்கு அறையில் பயணிகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்படும்.

வெளிநாட்டுப் பயணத்தின் விதிகள் வேறு. ஆயுதங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதையும் உள்ளே கொண்டுவருவதையும் ஆயுதச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு தனியே கட்டுப்படுத்துகிறது. சென்று இறங்கும் நாட்டின் அனுமதியும் தேவை. வளைகுடா நாடுகளுக்கு அதிகம் பேர் செல்லும் இப்பகுதியினர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் விமான நிலையங்களில் சிக்கிக்கொள்பவர்களில் பலர் துப்பாக்கி கொண்டுவந்தவர்கள் அல்லர். பையின் மூலையில் தோட்டா கிடப்பதை மறந்தவர்கள். 2024 ஜூன் மாதம் சென்னையிலிருந்து திருச்சி செல்ல வந்த நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான கருணாஸின் கைப்பையில் 40 தோட்டாக்கள் இருப்பது ஸ்கேனரில் தெரிந்தது. தம்மிடம் உரிமம் உள்ளது என்றும், தேர்தலை முன்னிட்டுத் துப்பாக்கி காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்றும், தோட்டாக்கள் பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் அவர் விளக்கினார். ஆனாலும் அந்த விமானத்தில் அவர் பயணம் செய்ய முடியவில்லை.

இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் பார்ப்பது, பொருள் தம்மிடம் இருப்பதை அறிந்தே அந்த நபர் வைத்திருந்தாரா என்பதையே. 1972-இல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டை விளக்கியது. அதன் அடிப்படையில், பையில் ஒற்றைத் தோட்டாவுடன் பிடிபட்டோர் மீதான வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துள்ளது. எனினும் வழக்குப் பதிவு, விசாரணை, தவறிய விமானம் ஆகியவற்றை அந்தத் தீர்ப்புகள் தடுப்பதில்லை. துப்பாக்கி சுடும் பயிற்சிக்கோ வயலுக்கோ எடுத்துச் செல்லும் பையையே பயணத்துக்கும் பயன்படுத்துவோர், கிளம்பும் முன் அதன் உள்பைகள் அனைத்தையும் கவிழ்த்துப் பார்ப்பது அவசியம்.

உரிமம் தேவைப்படாத ஏர்கன்னுக்கும் கைப்பையில் இடமில்லை. குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கியும், அசலைப் போன்ற தோற்றம் கொண்டிருந்தால், பாதுகாப்புச் சோதனையில் தடுத்து நிறுத்தப்படும்.