போர்க்காலக் கல்வியும் குழந்தைகளின் மனநலமும்

உக்ரைனின் கார்கிவ் நகரில் 2023 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் வகுப்புகள் தொடங்கின. அங்கே அபாயச் சங்கின் ஒலி எட்டுவதில்லை. ஆயினும் குழந்தையின் உள்ளத்தில் அச்சம் உடனே அடங்குவதில்லை.

ஆபத்தை எதிர்நோக்கும் மூளை அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றின் சுரப்பைப் பெருக்குகிறது. அந்நிலை நீடிக்கும்போது கவனமும் நினைவாற்றலும் குன்றுகின்றன. படித்ததை மறத்தல், திடுக்கிடுதல், உறக்கமின்மை, காரணம் புலப்படாத வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியன இதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ கருதிக் கடிந்துகொள்ள வேண்டாம்.

போர்ச்சூழலில் வாழும் அல்லது அதிலிருந்து மீண்டு வந்த குழந்தைகளைப் பராமரிப்போருக்கு நாம் கூறுவது இதுவே: உணவு, உறக்கம், படிப்பு, விளையாட்டு ஆகியவற்றை இயன்றவரை நாள்தோறும் ஒரே நேரத்தில் அமையுங்கள். போர்க்காட்சிகளைத் தவிருங்கள். கேள்விகளுக்கு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகுங்கள். அச்சம் தணிந்தால் படிப்பு மெல்லத் திரும்பும்.