மீந்த கேக்கில் சுடச்சுட ஆப்பிள் பலகாரம்!
மிலான் நகரத் தாய்மார்களின் கைப்பக்குவம்

கிறிஸ்துமஸ் முடிந்தது. விருந்தாளிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். அலமாரியில் பாதிக் கேக் மீந்து இருக்கிறது. வெட்டிய பக்கம் காய்ந்து, கையில் எடுத்தால் உதிருகிறது. குழந்தைகள் அதைத் தொட மறுக்கிறார்கள். என்ன செய்வது?

இத்தாலி நாட்டில் உள்ள மிலான் நகரத்துத் தாய்மார்களுக்கு ஆண்டுதோறும் வரும் கவலை இது. ஆனால் அவர்கள் கேக்கை எறிவது இல்லை. நம் வீட்டில் மீந்த இட்லி உப்புமா ஆகிறது அல்லவா? அதுபோல அங்கே மீந்த கேக் சுடச்சுட ஆப்பிள் பலகாரம் ஆகிவிடுகிறது!

தலைகீழாகத் தொங்கும் கேக்

அந்தக் கேக்கின் பெயர் பனெத்தோனே. உயரமாக இருக்கும். தலை மட்டும் உருண்டையாகப் பொங்கி நிற்கும். மைதா மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை ஆகியவற்றால் செய்வது. உள்ளே உலர்ந்த திராட்சையும், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, நார்த்தைத் தோல் துண்டுகளும் இருக்கும்.

இதைச் செய்வது எளிது அல்ல. மாவைப் புளிக்க வைத்து, பொங்கவிட்டு, மறுபடி பிசைந்து, மறுபடி பொங்க விடவேண்டும். அடுப்பில் இருந்து எடுத்ததும் தலைகீழாகத் தொங்க விடுவார்கள். இல்லாவிட்டால் சூட்டோடு இருக்கும் மிருதுவான தலை அமுங்கிப் போகும்.

1919-ம் ஆண்டில் ஆஞ்சலோ மோத்தா என்பவர் மிலானில் கடை தொடங்கினார். பின்னர் பெரிய அளவில் பனெத்தோனே செய்து விற்றார். மிலான் கேக் இத்தாலி முழுவதும் பரவியது.

இந்தப் பெயரில் விற்கும் கேக்கில் வெண்ணெய் 16 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. திராட்சையும் பழத்தோலும் சேர்ந்து 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று 2005-ம் ஆண்டில் இத்தாலி அரசு விதி செய்தது. இவ்வளவு வெண்ணெயும் பழமும் சேர்ந்த பண்டத்தைக் குப்பையில் கொட்ட யாருக்கு மனம் வரும்?

துறவி தின்ற கேக்

மீந்த கேக்கைப் பற்றி மிலானில் ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள்.

ஒரு பெண் கிறிஸ்துமசுக்கு முன்பு பனெத்தோனே ஒன்றைத் துறவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "சுவாமி, இதை மந்திரித்துத் தாருங்கள்" என்று கேட்டாள். அவருக்கு அப்போது வேலை அதிகம். "வைத்துவிட்டுப் போ அம்மா" என்றார். பிறகு மறந்துவிட்டார். அவளும் வரவில்லை.

கேக் கண்ணில் பட்டபோது எல்லாம் துறவி ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். நாளுக்கு ஒரு துண்டாகக் கேக் முழுவதும் தீர்ந்தது!

பிப்ரவரி 3-ந் தேதி. அந்தப் பெண் வந்து நின்றாள். துறவிக்கு வியர்த்தது. வெறும் உறையைக் காட்டி மன்னிப்புக் கேட்கலாம் என்று உள்ளே போனார். உறைக்குள் முன்னைவிட இரண்டு மடங்கு பெரிய கேக் இருந்தது!

அன்று புனித பிளாசியார் திருநாள். இத்தாலியர்கள் அவரை சான் பியாஜோ என்பார்கள். தொண்டையில் மீன் முள் சிக்கிய சிறுவனைக் காப்பாற்றியவர் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் புனிதர் அவர். ஆகவே, கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டை எடுத்து வைத்து, பிப்ரவரி 3-ந் தேதி காலையில் வீட்டில் எல்லோரும் பங்கிட்டுத் தின்பது மிலான் வழக்கம். அப்படித் தின்றால் ஆண்டு முழுவதும் தொண்டை நோய் வராது என்பது நம்பிக்கை. மீந்த பனெத்தோனேயைக் கடைகளும் அப்போது மலிவாக விற்கின்றன.

கேக் ஏன் கெட்டியாகிறது?

கேக்கில் உள்ள ஈரம் போவதால் மட்டும் அது கெட்டியாவது இல்லை. மாவில் உள்ள மாச்சத்து, வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகுகிறது. ஆறிய பிறகு நாளுக்கு நாள் மீண்டும் இறுகுகிறது. குளிர்ச்சியில் இன்னும் வேகமாக இறுகும். அதனால்தான் பிரிஜ்ஜில் வைத்த ரொட்டி சீக்கிரம் விறைத்துப் போகிறது.

இறுகியது மீண்டும் இளக, ஈரமும் சூடும் வேண்டும். வெந்த ஆப்பிள் இந்த இரண்டையும் கொடுக்கிறது. புதுக் கேக்கில் பழச்சாறு பட்டால் கூழாகிவிடும். காய்ந்த கேக்கோ சாற்றைக் குடித்த பிறகும் உரு குலையாமல் நிற்கும். இந்தப் பலகாரத்துக்குப் பழைய கேக்தான் நல்லது!

செய்வது எப்படி?

மிலானில் பழைய ரொட்டியும் ஆப்பிளும் சேர்த்து சார்லோட் என்ற பலகாரம் செய்வது உண்டு. ரொட்டிக்குப் பதில் கேக்கை வைத்தால் போதும். வேறு பழக் கேக்கிலும் செய்யலாம்.

வேண்டியவை: மீந்த கேக் 300 கிராம், ஆப்பிள் 4, வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 2 மேஜைக் கரண்டி, எலுமிச்சம்பழம் 1, உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி, லவங்கப்பட்டைத் தூள் ஒரு சிட்டிகை.

ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, மெல்லிய துண்டுகளாக நறுக்குங்கள். பாதி வெண்ணெயை உருக்கி ஆப்பிளைப் போடுங்கள். சர்க்கரை, திராட்சை, பட்டைத் தூள், துருவிய எலுமிச்சைத் தோல், அரை மூடிச் சாறு, சிறிது தண்ணீர் சேர்த்து 10 நிமிடம் வேகவிடுங்கள். துண்டுகள் குழையக் கூடாது. கேக்கிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரையைக் கூட்டாதீர்கள்.

கேக்கை விரல் பருமனுக்கு வெட்டுங்கள். பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, அடியிலும் ஓரத்திலும் கேக் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். நடுவில் ஆப்பிளைச் சாற்றுடன் கொட்டுங்கள். மேலே கேக் துண்டுகளால் மூடி, மீதி வெண்ணெயை வைத்து, ஓவன் அடுப்பில் 180 டிகிரிச் சூட்டில் அரை மணி நேரம் வேகவிடுங்கள்.

ஓவன் இல்லாத வீட்டில், அடி கனமான பாத்திரத்தில் அடுக்கி, இறுக மூடி, தோசைக்கல்லின் மேல் வைத்துச் சிறு தீயில் வேகவிடலாம். மேல்பக்கம் சிவக்காது, ஆனால் உள்ளே கேக் இளகும்.

இறக்கியதும் 10 நிமிடம் பொறுத்து, தட்டில் கவிழ்த்து, சூடாகப் பரிமாறுங்கள். மிலானில் பெரியவர்களுக்காக இதன்மேல் ரம் ஊற்றிக் கொளுத்துவதும் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம்!

ஒரு எச்சரிக்கை

காய்ந்த கேக் வேறு. கெட்ட கேக் வேறு. பூஞ்சைக் காளான் பூத்த கேக்கையும், நாற்றம் அடிக்கும் கேக்கையும் சூடு திருத்தாது. அவற்றை யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். கேக் மீந்தால் காற்றுப் புகாதபடி சுற்றி வையுங்கள். சில நாட்களிலேயே பலகாரம் செய்துவிடுங்கள்.

தட்டு காலியான பிறகு, "கேக் பிடிக்காது என்றாயே?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "இது கேக்கா அம்மா?" என்று அவன் திருப்பிக் கேட்பான்!