முதன்முதலில் வாங்கத்தக்க மைக்ரோகண்ட்ரோலர் பலகை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவன், அங்குள்ளவற்றுள் மிகப் பெரிய மாடு எதுவென்று கேட்பதில்லை. தன் நிலம் எவ்வளவு, மண் எத்தகையது, தீவனத்திற்கு வழி என்ன என்பவற்றை எண்ணிய பின்னரே கயிற்றைக் கையிற் பிடிக்கிறான். மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்றை முதன்முறையாக வாங்குவோரும் இம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் மின்னணுக் கருவிகளைப் பொழுதுபோக்காகச் செய்து பழக ஆவல் கொள்கின்றனர். ஆனால் வேலையை நிச்சயிக்குமுன் பலகையை வாங்கிவிடுவதால், பணம் செலவாகியும் பயன் காணாது போவதுண்டு.

பலகை இன்னதென்பது

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்கிடும் உறுப்பு, நினைவகம், மின்குறிகளை வாங்கவும் கொடுக்கவும் உரிய முனைகள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கருவியாகும். நாம் கணினியில் எழுதும் புரோகிராமை யூ.எஸ்.பி. கம்பி வழியே அதனுள் ஏற்றிவிட்டால், மின்சாரம் நின்றாலும் அது அழியாது. மின்சாரம் திரும்பியவுடன் தன் வேலையைத் தானே தொடங்கும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் திடீரென நின்றால் அதன் அட்டையிலுள்ள பதிவுகள் கெடக்கூடும். ஆகையால் கிணற்றடிக் கொட்டகைக்கு மைக்ரோகண்ட்ரோலரே ஏற்றது.

வேலையை முதலில் நிச்சயித்தல்

தொடக்கத்திற்கு உகந்த வேலை, ஒரு பாத்தியின் ஈரத்தை அளந்து, மண் காய்ந்தபோது சிறு விளக்கொன்றை எரியச் செய்வதாம். இதற்கு மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை அளக்கும் அனலாக் முனை ஒன்றும், விளக்கிற்கு ஒரு முனையும் போதும். மண் ஒரு நொடியில் உலர்வதில்லை. ஆதலால் பலகையின் வேகத்தைக் குறித்துக் கவலைகொள்ள வேண்டுவதில்லை.

நால்வகைப் பலகைகள்

1. ஆர்டுயினோ ஊனோ. ஆர்டுயினோ 2005-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து இவ்ரேயா நகரில், மின்னணுவியல் கல்லாத மாணவர்களும் கையாளுமாறு தோன்றியது. ஊனோ பலகை 2010-இல் வெளிவந்தது. இதன் மூன்றாம் திருத்தத்தில் 32 கிலோபைட் புரோகிராம் நினைவகமும், 14 டிஜிட்டல் முனைகளும், 6 அனலாக் முனைகளும் உள்ளன. இயங்கும் மின்னழுத்தம் 5 வோல்ட். சில்லு தாங்கியிற் பொருத்தப்பட்ட வகையை வாங்கினால், தவறாக இணைத்து அது கருகிப்போயினும், கொழு தேய்ந்த கலப்பைக்குக் கொழுவை மட்டும் மாற்றுவதுபோல் சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

2. மைக்ரோபிட். பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்தின் முயற்சியால் 2016-இல் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்பட்டது. 25 சிறு விளக்குகளும் இரு பொத்தான்களும் பலகையிலேயே அமைந்திருப்பதால், தனியே கம்பி இணைக்காமலே பழகலாம். சிறுவர்களுக்கு இதுவே நலம்.

3. ராஸ்பெரி பை பிக்கோ. 2021-இல் நான்கு டாலர் விலையில் வெளிவந்தது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் அனலாக் முனைகள் மூன்றே. ஊசிகள் பொருத்தப்படாத வகையை வாங்கினால், முதல் நாளிலேயே ஈயப்பற்று வைக்க வேண்டிவரும்.

4. இ.எஸ்.பி. 32. 2016-இல் வெளிவந்த இதில் வை-ஃபை, புளூடூத் இரண்டும் உண்டு. எனினும் வை-ஃபை இயங்கும்போது இதன் அனலாக் முனைகளிற் சில அளக்கமாட்டா. மேலும் வீட்டிலுள்ள வை-ஃபை தொலைவிலுள்ள கிணற்றை எட்டாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எதனை வாங்குவது

மேற்கூறிய வேலைக்கு ஊனோவே சிலாக்கியமானது. அது மற்றவற்றினும் வல்லமை மிக்கதன்று. ஆயினும் தொடங்குவோரின் பிழைகளைப் பெரிதும் பொறுக்க வல்லது. பலர் நடந்த பாதையாதலின் ஐயம் தீர்க்கும் பாடங்களும் மிகுதியாகக் கிடைக்கும். செய்தியைத் தொலைவிற்கு அனுப்பும் தேவை பிற்பாடு ஏற்படுமாயின், அப்போது இ.எஸ்.பி. 32-ஐ வாங்கலாம். ஊனோ தவிர்ந்த மற்ற மூன்றும் ஏறத்தாழ 3 வோல்ட்டில் இயங்குவன. 5 வோல்ட் மின்குறியை அவற்றின் முனையில் நேரே செலுத்தினால் அவை கெடும்.

கம்பி வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சில யூ.எஸ்.பி. கம்பிகள் மின்னேற்றத்திற்கு மட்டுமே உதவும். அவற்றின் வழியே புரோகிராம் செல்லாது. ஈரமானியில், உலோகக் கவை இரண்டு மண்ணில் நிற்கும் வகை விரைவில் அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் வகை நெடுநாள் உழைக்கும். அதனை உலர்ந்த மண்ணிலும், நீர் பாய்ச்சிய மண்ணிலும் வைத்துக் கிடைக்கும் இரு எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிற்கு இடையே விளக்கு எரியும் அளவை நிர்ணயிக்க வேண்டும்.

முக்கிய எச்சரிக்கை

பழக்கம் ஏற்பட்டதும் பம்புசெட்டை இப்பலகையால் இயக்க ஆசை எழுவது இயல்பு. ஊனோவின் ஒரு முனை 20 மில்லி ஆம்பியர் அளவே கொடுக்கத்தக்கது. அதனை மோட்டாருடன் நேரே இணைத்தல் ஒருபோதும் ஆகாது. ரிலேயும் ஸ்டார்ட்டரும் இடையே அமைய வேண்டும். அவ்வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்தல் வேண்டும். மின்சாரம் திரும்பியவுடன் பலகை தானே வேலை தொடங்கும் என்று முன்னர்க் கூறினோம். கிணற்றில் ஆள் இறங்கியிருக்கும் வேளையில் மோட்டார் தானாக ஓடினால் உயிருக்கே கேடு விளையும். ஆகையால், மனிதன் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாதவாறு அமைப்பதும், கிணற்றில் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பதும் இன்றியமையாதன.

முதற் பருவம் முழுவதும் விளக்கு எரிவதோடு நிறுத்திக்கொள்ளலாம். விளக்கு எரியும்போதெல்லாம் மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்து, கருவி கூறுவது மெய்தானா என்று சோதித்து வருக. கையும் கருவியும் ஒத்துச் சொல்லும் நாளில், அடுத்த பலகை எதுவென்பது தானே விளங்கும்.