பென்சிலின் ஒத்துக்காது என்பவர்களுக்கு

"ஏதாவது மருந்து அலர்ஜி இருக்கா?" என்று டாக்டர் கேட்டதும், "சின்ன வயசுல பென்சிலின் ஊசி ஒத்துக்கல" என்று பதில் சொல்பவர்கள் ஏராளம். என்ன ஆயிற்று என்று கேட்டால், அம்மாவுக்குத்தான் தெரியும் என்பார்கள். இப்படிச் சொல்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால், 10 பேரில் சுமார் 9 பேருக்கு அந்த மருந்து ஒன்றும் செய்வதில்லை. மீதி ஒருவருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம்.

வயிற்றுப்போக்கு அலர்ஜி அல்ல

பென்சிலின் குடும்பத்து அமாக்சிசிலின் சாப்பிட்டால் சிலருக்கு வயிறு இளகும், குமட்டும். ஆக்மென்டின் போன்ற கூட்டு மருந்துகளில் இது இன்னும் அதிகம். இது பக்கவிளைவுதான், சாப்பாட்டோடு போட்டுக்கொண்டால் பெரும்பாலும் அடங்கும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீராகப் பலமுறை போனாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஆனாலும் கொடுக்கிறார்கள். சில நாள் கழித்து உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பல நேரம் அது வைரஸ் செய்த வேலை; பழி மருந்தின் மேல் விழுந்து, ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்கிறது.

நிமிடங்களில் வருவது

உண்மையான, ஆபத்தான அலர்ஜி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஊசி என்றால் சில நிமிடங்களிலேயே. கொசு கடித்ததுபோல் அரிப்போடு தடிப்புகள் கிளம்பும். உதடும் கண்ணிமையும் வீங்கும். குரல் கம்மி, தொண்டை இறுகி, மூச்சில் விசில் சத்தம் கேட்டால், தலைசுற்றி மயக்கம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தோலில் எதுவுமே தெரியாமலும் இது வரலாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில் பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், சரியாகவில்லை என்றால் 5 நிமிடத்தில் மீண்டும். நம் ஊரில் ஏவில், டெக்சா ஊசிகளைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் உண்டு. அவை அட்ரினலினுக்கு ஈடாகாது.

நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். தேறிய பிறகும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதுண்டு.

டெஸ்ட் டோஸில் ஒன்றும் ஆகவில்லையே என்று, முழு ஊசி போட்டதும் பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வேண்டும்.

நாள் கழித்து வருவது

காய்ச்சலோடு தோல் எரிந்து கொப்பளித்தால், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்படி வந்தவர்கள் அந்த மருந்தைச் சோதனைக்காகக்கூட மறுபடி தொடக் கூடாது.

பயந்து நிறுத்தினால்

ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்குப் பல ஆண்டுகள், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி தேவை. விட்டுவிட்டால் காய்ச்சல் திரும்பி வந்து வால்வு இன்னும் மோசமாகும். வலியாலும் பயத்தாலும் வரும் மயக்கத்தைப் பார்த்துவிட்டு அலர்ஜி என்று ஊசியை நிறுத்துவது பெரிய இழப்பு. வால்வு மிகவும் பழுதானவர்களுக்கு அந்த மயக்கமே இதயத்தைப் பாதிக்கலாம். அதனால் வெறும் வயிற்றில் போகாமல், தண்ணீர் குடித்துவிட்டு, படுத்தபடி ஊசி போட்டுக்கொள்வது நல்லது. மேகநோய் (சிஃபிலிஸ்) உள்ள கர்ப்பிணிக்கும் பென்சிலினை விட்டால் நம்பகமான மாற்று இல்லை. உண்மையிலேயே அலர்ஜி இருந்தாலும், மருத்துவமனையில் வைத்துத் துளித்துளியாக அளவைக் கூட்டிப் பழக்கி, அதையேதான் கொடுக்கிறார்கள்.

உடனடி அலர்ஜி வந்தவர்களில்கூடச் சுமார் 80 சதவீதம் பேருக்கு 10 ஆண்டுகளில் அது போய்விடுகிறது. பழைய அலர்ஜி இன்னும் இருக்கிறதா என்று அலர்ஜி நிபுணரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்ளலாம். வீட்டில் பாதி மாத்திரை போட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சீட்டில் எழுதவேண்டியது

மாக்ஸ், நோவாமாக்ஸ், ஆக்மென்டின் எல்லாம் ஒரே பென்சிலின் குடும்பம். மெடிக்கல் ஷாப்பில் பெயர் மாறித் தந்தாலும் அட்டையில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். எந்த மருந்து, எத்தனை நிமிடம் அல்லது நாள் கழித்து, என்ன வந்தது, அட்ரினலின் போட்டார்களா என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். தடிப்பைப் போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. செஃபிக்சிம் போன்ற தூரத்து உறவு மருந்துகள் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். கொடுக்கலாமா என்பதை இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.