சனிக் கிரகத்தில் ஏழரை: 'சிஸ்டம் ஷாக்' விளையாடலாமா?

இப்போ வர்ற எந்த கேமைத் திறந்தாலும் முதல் பதினைந்து நிமிஷம் எல்.கே.ஜி. வகுப்புதான். "குதிக்க இந்த பட்டனை அழுத்து", "அந்த மஞ்சள் புள்ளி இருக்கிற இடத்துக்குப் போ". 'சிஸ்டம் ஷாக்' அப்படிப் பாடமெல்லாம் எடுக்காது. ஒரு விண்வெளி நிலையத்தின் மருத்துவப் பிரிவில் கண் விழிக்கிறோம். அங்கே எல்லாரும் செத்துக் கிடக்கிறார்கள், அல்லது பாதி மனிதன் பாதி மெஷினாக அலைகிறார்கள். எங்கே போகணும், என்ன செய்யணும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் பூட்டிய கதவின் எண் 451. பிற்காலத்தில் 'டியஸ் எக்ஸ்' உட்பட பல கேம்கள் தங்கள் முதல் கதவுக்கு இந்த எண்ணையே வைத்து மரியாதை செய்திருக்கின்றன.

இது 1994 செப்டம்பரில் வந்த கேம். நம்மில் பல பேருடைய அப்பா அம்மாவுக்கு அப்போ கல்யாணமே ஆகியிருக்காது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த லுக்கிங் கிளாஸ் என்ற சின்ன கம்பெனி செய்தது. டைரக்டர் டக் சர்ச், புரொடியூசர் வாரன் ஸ்பெக்டர். அதற்கு 9 மாதம் முன்னாடிதான் 'டூம்' வந்து உலகத்தையே சுட வைத்திருந்தது. டூமில் மேலே கீழே பார்க்க முடியாது, சரிவான தரை கிடையாது, வேகமாக ஓடிச் சுட வேண்டியதுதான். சிஸ்டம் ஷாக்கில் மேலே பார்க்கலாம், குனியலாம், தவழலாம், சுவர் ஓரம் நின்று சாய்ந்து எட்டிப் பார்க்கலாம். ஆனால் விற்பனையில் டூம் பக்கத்தில்கூட இது வரவில்லை.

கதை 2072-ல் நடக்கிறது. நாம ஒரு ஹேக்கர். ட்ரைஆப்டிமம் என்ற பெரிய கார்ப்பரேட்டின் ஃபைலைத் திருடப் போய் மாட்டிக்கொள்கிறோம். அந்தக் கம்பெனியின் அதிகாரி எட்வர்ட் டியேகோ ஒரு டீல் பேசுகிறான். சிட்டாடல் நிலையத்தை நடத்துகிற ஏ.ஐ.-யின் பெயர் ஷோடான். அதன் நெறிமுறைக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டால் கேஸ் கிடையாது, கூடவே மூளையில் ஒரு நவீன இம்ப்ளான்ட் இலவசம். எடுத்துவிடுகிறோம். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து எழுந்தால், ஷோடான் தன்னைக் கடவுளாக நினைத்துக்கொண்டு மொத்த நிலையத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. நிலையம் சுற்றிக்கொண்டிருப்பது சனிக் கிரகத்தை. ஜாதகம் பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த ஏழரையை இழுத்துவிட்டதே நாமதான்.

சைபர்பங்க் என்றதும் நமக்கு நியான் விளக்கும் மழையும் ஞாபகம் வரும். இதில் மழையே இல்லை. இருப்பது ஒரு கம்பெனி, அதன் ஊழியர்கள், அவர்களுடைய அக்சஸ் கார்டுகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனவர்களுக்கு இந்த உணர்வு உடனே புரியும். கழுத்தில் தொங்கும் கார்டு எந்தக் கதவு வரைக்கும் திறக்கிறதோ, அதுவரைக்கும்தான் நாம அந்த இடத்துக்குச் சொந்தக்காரன். செத்துப்போன ஊழியரின் கார்டை எடுத்துத்தான் அடுத்த கதவைத் திறக்கிறோம். கூடவே அவர் விட்டுச்சென்ற குரல் பதிவும் கிடைக்கும். மேனேஜரைத் திட்டியிருப்பார், ஷோடானை எப்படி நிறுத்தலாம் என்று பாதி யோசனை சொல்லியிருப்பார், அதோடு நின்றிருக்கும். உயிரோடு ஒரு ஆளைக்கூட நேரில் சந்தித்துப் பேச முடியாது. அந்தக் கால கேம்களில் மெனுவிலிருந்து வசனம் தேர்ந்தெடுத்துப் பேசுவது செயற்கையாக இருந்ததால், பேச்சையே தூக்கிவிட்டார்கள். பிறகு 'பயோஷாக்' போன்ற கேம்கள் கதை சொன்ன முறை இங்கிருந்து வந்ததுதான்.

ஷோடானுக்குக் குரல் கொடுத்தவர் டெரி ப்ரோசியஸ். குரல் திக்கும், சுருதி மாறும், ஒரே சொல் இரண்டு மூன்று குரலில் உடையும். ஒவ்வொரு தளத்திலும் செக்யூரிட்டி கேமராக்கள் வழியாக அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கேமராவை உடைத்தால் அந்தத் தளத்தின் மேல் அதன் பிடி குறையும். வில்லன் எங்கோ கடைசி லெவலில் உட்கார்ந்திருக்கவில்லை, நாம நிற்கிற கட்டடமே வில்லன். இந்த ஐடியாவுக்காகவே இதை விளையாடலாம் என்பேன்.

சரி, குறை? நிறைய இருக்கு. 1994 பதிப்பை இன்று தொட்டால் முதல் அரை மணி நேரத்தில் மூடிவிடத் தோன்றும். மௌஸை அசைத்தால் பார்வை திரும்பாது, வெறும் கர்சர்தான் நகரும். பார்க்க ஒரு கீ, நடக்க ஒரு கீ, சாய இன்னொன்று. திரையில் பெரும் பகுதியை மீட்டர்களும் பட்டன்களும் அடைத்துக்கொள்ள, மிச்சம் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் சண்டை. சைபர்ஸ்பேஸ் பகுதிகளில் கோட்டு ஓவியம் போன்ற குகைக்குள் மிதக்கும்போது மேலே எது கீழே எது என்றே தெரியாது.

2015-ல் வந்த 'என்ஹான்ஸ்டு எடிஷன்' இதில் பாதியைச் சரிசெய்தது. மௌஸால் பார்க்கும் வசதி வந்தது, ரெசொல்யூஷன் கூடியது, கீகளை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஆனால் இங்கேதான் ஒரு டிசைன் பாடம் இருக்கு. எதிரிகளின் வேகம், அவர்கள் நிற்கும் இடம் எல்லாமே தட்டுத்தடுமாறித் திரும்பும் ஒருவனை மனதில் வைத்து அமைத்தவை. நமக்கு மௌஸ் கிடைத்ததும் அவர்கள் தூங்குமூஞ்சிகளாகத் தெரிகிறார்கள். முன்னாடி ஒரு மூலை திரும்பவே இருந்த பயம் குறைந்துபோகிறது. கன்ட்ரோல் குறைபாடு என்று நாம நினைத்ததில் ஒரு பங்கு, பயத்தையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சண்டையின் கஷ்டத்தைக் கூட்டி வைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். சண்டை, கதை, புதிர், சைபர்ஸ்பேஸ் நான்குக்கும் தனித்தனியாக 0 முதல் 3 வரை கஷ்டம் வைக்கலாம் என்பது இந்த கேமின் அருமையான விஷயம். கதையை மட்டும் 3-ல் வைக்காதீங்க, ஏழு மணி நேரக் கெடு ஓட ஆரம்பிக்கும்.

இந்த மறுபதிப்பு வந்ததே ஒரு தனிக் கதை. லுக்கிங் கிளாஸ் 2000-ல் மூடப்பட்டது. கேமின் உரிமை போய்ச் சேர்ந்த இடம் ஸ்டார் இன்சூரன்ஸ் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி (நம்ம ஊர் விளம்பரத்தில் வருவது இல்லை, இது வேற). அவர்களுக்கு ஷோடானைப் பற்றி என்ன கவலை? குவாத்தமாலாவில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டீபன் கிக் என்பவர், தன் லேப்டாப்பில் 'சிஸ்டம் ஷாக் 2' ஓடாத கடுப்பில் உரிமை யாரிடம் என்று தேடிப் போனார். அதில் பிறந்ததுதான் நைட்டைவ் ஸ்டுடியோ. 2013-ல் இரண்டாம் பாகம் மறுபடி விற்பனைக்கு வந்தது, பிறகு முதல் பாகம். 2018-ல் பவர் மேக் பதிப்பின் சோர்ஸ் கோடையே திறந்துவிட்டார்கள். சி.எஸ்.இ. மக்கள் ஒரு தடவை பார்க்கலாம். பெரும்பாலும் சி மொழி, ஃபிக்ஸட் பாயிண்ட் கணக்கு. நாம லேபில் யோசிக்காமல் 'ஃப்ளோட்' என்று அடிக்கிறோமே, அன்று அது ஆடம்பரம்.

2016-ல் ரசிகர்களிடம் 13 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, நடுவில் 2018-ல் வேலையையே நிறுத்தி வைத்து, ஒருவழியாக 2023 மே 30-ல் முழு ரீமேக் வந்தது. பார்க்க அழகு. தூரத்தில் நவீன வெளிச்சம், கிட்டப் போனால் வேண்டுமென்றே பிக்ஸலாக உடையும் சுவர்கள். இதிலும் அம்புக்குறி கிடையாது, அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட். ஆனால் குப்பை பொறுக்கும் வேலை எரிச்சல். கிடைக்கிற டம்ளரையும் தட்டையும் ஆவியாக்கி, துண்டாக்கி, ரீசைக்கிளர் வரை சுமந்து காசாக்கணும். கடைசிச் சண்டை முதலில் சப்பென்று இருந்தது, 2024-ல் ஒரு அப்டேட்டில் மாற்றினார்கள். இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், இது ஓட தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஹாஸ்டலில் பாதிப் பேர் வைத்திருக்கும் லேப்டாப் இதைப் பார்த்தாலே ஃபேன் சத்தத்தில் அழும்.

கார்டு இருந்தால் ரீமேக், இல்லையென்றால் என்ஹான்ஸ்டு எடிஷன் என்பது என் தீர்ப்பு. ஐ.ஜி.ஐ. விளையாடி வளர்ந்த கைகளுக்கு ஒரு நல்ல சேதி: இதில் எங்க வேணும்னாலும் சேவ் பண்ணலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதல் ஆறு தளங்களிலும் ஷோடானின் கம்ப்யூட்டர் கணுக்களை உடைத்ததும், அங்கே ஒரு திரையில் ஒரே ஒரு இலக்கம் தெரியும். எந்தக் குரலும் அதைச் சுட்டிக்காட்டாது. பல மணி நேரம் கழித்து, ரியாக்டரை வெடிக்க வைக்கப் போகும்போதுதான் அந்த ஆறு இலக்கமும் வரிசையாகக் கேட்கும். நான் நான்காவதைக் கோட்டைவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லிஃப்ட் ஏறி இறங்கினேன். இலக்கம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் பக்கத்து ரூம்காரனிடம் கேட்டும் பயனில்லை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தை இப்பவே காலியாக வைத்துக்கொள்ளுங்க.