மலையில்லாத நாட்டுக்குப் போகும் ஜல்லி

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் கிளம்பும் மரத்தோணியைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது காய்கறி மூட்டைகள்தான். அவற்றுக்கு அடியில், தோணியின் வயிற்றுக்குள், முக்கால் இஞ்ச் ஜல்லியும் மணலும் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கிடக்கும். நம் தெருவில் வீடு கட்டுகிறவர் வாசலில் கொட்டிவைத்து, பிள்ளைகள் ஏறி விளையாடும் அதே ஜல்லி ஏறக்குறைய 400 கடல் மைல் தாண்டிப் போய்த் தலைநகர் மாலேயில் தூணாகவும் தளமாகவும் எழுகிறது.

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உண்டு. மலை ஒன்றுகூட இல்லை, ஆறும் இல்லை. நிலம் முழுக்கப் பவளப்பாறை உதிர்ந்து சேர்ந்த மணல். கடல்மட்டத்துக்கு மேல் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். எவ்வளவு தோண்டினாலும் கருங்கல் அகப்படாது. முன்பு அவர்கள் கடலுக்குள் இறங்கிப் பவளக்கல்லைப் பெயர்த்தெடுத்து வீடும் பள்ளிவாசலும் கட்டினார்கள். மாலேயில் 1658இல் எழுந்த வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலின் சுவர்கள் அந்தக் கல்தான். மரத்தில் செய்தது போன்ற நுணுக்கமான செதுக்கு வேலை அதில் உண்டு.

சுற்றுலா வளர்ந்து, மாலேயில் மக்கள் நெருங்கி, காங்கிரீட் கட்டடங்கள் வந்தபோது பவளக்கல்லின் தேவையும் பெருகியது. ஆனால் அந்தப் பாறைத்திட்டுதான் அலையை உடைத்துத் தீவைக் காக்கும் மதில். 1987இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதன் பிறகு ஜப்பானிய உதவியோடு நான்குகால் காங்கிரீட் கட்டிகளை அடுக்கித் தலைநகருக்கு அலைதடுப்பு எழுப்ப வேண்டியிருந்தது. 1990களில் பவளக்கல் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. இருக்கிற ஒரே கல்லைத் தொடக்கூடாது என்றான பிறகு, கல் கடல்வழியாக வந்தே தீர வேண்டும்.

சுற்றிலும் மணல் கிடக்கிறதே, மணலையுமா வாங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். கடல்மணலில் இருக்கும் உப்பு காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரிக்கும். கம்பி துருப்பிடித்துப் பருத்தால் சிமெண்ட் பூச்சு வெடித்து உதிரும். நம் கடலோரக் கட்டடங்களின் பால்கனிக்கு அடியில் கம்பி பல்லிளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுமானச் சரக்கு கப்பல்காரர்களுக்கு எளிதானதல்ல. பஞ்சு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஜல்லி அதற்கு நேர்மாறு. இருபதடிக் கண்டெய்னருக்குள் 33 கனமீட்டர் இடம் உண்டு. தாங்கும் எடை 28 டன் அளவுதான். ஜல்லி கொட்டினால் பாதிக்குச் சற்று மேலே வரும்போதே எடை முடிந்துவிடும். மீதி இடம் சும்மா போகும், வாடகை முழுசாகப் போகும். கிராமுக்கு விலை பேசும் பொருளுக்கு இது பெரிதில்லை. டன்னுக்கு விலை பேசும் ஜல்லிக்கு வாடகையே சரக்கின் விலையை விழுங்கிவிடும். கம்பிக்கு வேறு தொல்லை. முழுக்கம்பியின் நீளம் 12 மீட்டர். இருபதடிக் கண்டெய்னருக்குள் ஆறு மீட்டர்கூட இல்லை. ஒன்று மடக்க வேண்டும், இல்லையேல் வெட்ட வேண்டும். சிமெண்டுக்கு ஈரம்தான் எதிரி. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி அடிக்க, மூடிய பெட்டிக்குள் வேர்த்துச் சொட்டும் நீரே மேலடுக்கு மூட்டைகளைக் கல்லாக்கிவிடும்.

மணலோ உயிருக்கே ஆபத்தாகலாம். ஈரமணல் கடலின் குலுக்கலில் குழம்புபோல் இளகி ஒரு பக்கம் ஒதுங்கினால் கலம் சாயும். சாய்ந்தது நிமிராமலும் போகலாம். அதனால்தான் அடித்தளத்தில் சரக்கைப் பரத்திச் சமன் செய்யாமல் அனுபவமுள்ள தண்டல் நங்கூரம் எடுக்க மாட்டார். தூத்துக்குடியில் தோணியின் தலைவரைத் தண்டல் என்றுதான் சொல்வார்கள். 300 டன் ஏற்றும் தோணி என்றால் நம் கணக்கில் சுமார் 70 யூனிட் ஜல்லி. பெரிய கப்பல் நெருங்க முடியாத ஆழமில்லாத துறையிலும் தோணி போய் நிற்கும்; பெரிய பாரந்தூக்கியை எதிர்பார்க்காது. இன்றைக்கு எஞ்சின் இருக்கிறது, காற்று வாய்த்தால் பாயும் விரிக்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று உரத்து வீசும் மாதங்களில் மட்டும் கரையில் கட்டிக் கிடக்கும்.

ஆனால் இன்றைய தேவை தோணிக்குள் அடங்காது. இந்தியாவும் மாலத்தீவும் 1981இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தப்படி அரிசி, சர்க்கரை, வெங்காயம், முட்டையோடு ஆற்றுமணலும் ஜல்லியும் ஆண்டுதோறும் அளவு நிர்ணயித்து அனுப்பப்படுகின்றன. 2024-25க்கு மணல், ஜல்லி இரண்டின் அளவும் 25 சதவீதம் கூட்டப்பட்டு ஒவ்வொன்றும் 10 லட்சம் டன் ஆனது. 300 டன் தோணியில் ஜல்லியை மட்டும் அனுப்பவே 3,300 நடைக்கு மேல் வேண்டும். அதனால் இழுவைக் கப்பல் இழுத்துச் செல்லும் தட்டை மிதவைகளும் இந்த வேலையில் இருக்கின்றன. 2019இல் மாலத்தீவின் முன்னாள் துணை அதிபர் அகமது அதீப் ரகசியமாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது, மாலேயில் கல் இறக்கிவிட்டுத் திரும்பிய அப்படியொரு இழுவைக் கப்பலில்தான்.

இந்த வணிகத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல் இல்லாத அண்டை நாட்டுக்குக் கல் கொடுப்பது நல்ல காரியம். நாமும் கடல்வழியாக வாங்கிக் கட்டியவர்கள்தான்; செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. ஆனால் அவர்கள் பவளத்தைக் காப்பாற்றியபோது அந்தப் பாரம் எங்கேயோ ஒரு குன்றின் மேலும் ஓர் ஆற்றின் மேலும் இறங்கியது என்பதை மறக்கக் கூடாது.

தூத்துக்குடிக்கு இது தெரியாத பாடமும் அல்ல. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டினோம். அங்கிருந்த 21 தீவுகளில் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. 2001இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. போன தீவுகள் வரவில்லை. அடுத்த அடி ஆற்றுக்கு விழுந்தது. தாமிரபரணியின் மணலுக்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு தள்ளாத வயதில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி, 2010இல் தடை வாங்கினார்.

மாலத்தீவுக்குப் போகும் மணலையும் ஜல்லியையும் கடலோர ஒழுங்காற்றுப் பகுதி போன்ற தடைசெய்த இடங்களில் எடுக்கக் கூடாது, எடுத்தவரிடம் முறையான அனுமதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. விதி போதுமானதுதான். அது மக்கள் பார்வைக்கும் வர வேண்டும். எந்தக் குவாரியில் உடைத்தது, எத்தனை டன், எந்தத் தோணியில் ஏறியது என்பதைத் துறைமுக வாயிலிலேயே எழுதிப் போடட்டும். ஆற்றுமணல் கேட்கும் இடத்தில், கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டைக் கொடுத்துப் பழக்கட்டும்; நம் வீடுகளே இப்போது அதில்தான் எழுகின்றன. தோணிக்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் இதை முன்னின்று கேட்க வேண்டும். கணக்கில்லாத மணல் ஒரு தோணியில் பிடிபட்டால் பெயர் கெடுவது துறைமுகத்தில் நிற்கும் எல்லாத் தோணிக்கும்தான்.