முழங்காலில் தொடங்கிய வைத்தியம்... தெரியுமா?

1929. கால்பந்து ஆடப்போன ஓர் இளைஞருக்கு முழங்கால் போயிற்று. நடக்கத் திணறும் குழந்தைகளுக்கான ஓர் அசைவுப் பயிற்சிக்கு அன்றுதான் பிள்ளையார் சுழி விழுந்தது என்றால் நம்புவீர்களா?

ஆள் பெயர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுத்தாவில் 1904-ல் பிறந்த யூதர். மருத்துவம் படித்தவரே அல்ல! பதினான்கு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி பாலஸ்தீனம் போய்க் கூலிவேலை பார்த்தவர். பிறகு பாரிஸில் இன்ஜினீயரிங். அங்கே யாரிடம் ஆராய்ச்சி செய்தார் தெரியுமா? மேரி கியூரியின் மருமகன் ஃப்ரெடெரிக் ஜோலியோவிடம்! போதாததற்கு, ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவையே 1933-ல் சந்தித்து, பின்னாளில் கறுப்புப் பட்டையும் வாங்கினார்.

1940-ல் ஜெர்மன் படை நெருங்கவே பிரிட்டனுக்குத் தப்பினார். ஸ்காட்லாந்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஆராய்ச்சி. பழைய முழங்கால் மறுபடி படுத்தியது. ஆபரேஷன் பலிக்கும் என்று டாக்டர்களால் உறுதி சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றுவிட்டார். இடுப்பை நூலளவு நகர்த்தினால் முழங்காலில் என்ன நடக்கிறது என்று தன் உடம்பையே கவனித்துக் கவனித்து, நடையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார்!

மனைவி யோனா குழந்தை மருத்துவர். குழந்தைகளைக் கவனிக்கக் கேட்கவா வேண்டும்? குப்புற விழ எந்தக் குழந்தைக்காவது யாராவது பாடம் எடுத்ததுண்டா? தலை திரும்பும், தோள் பின்தொடரும், கால் காற்றில் துழாவும், ஒருநாள் சட்டென்று கவிழ்ந்துவிடும். ஃபெல்டன்கிரைஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை அவர் இழுத்துப்பிடித்து நிறுத்த மாட்டார். படுக்கவைத்து விலா, இடுப்பு, கணுக்கால் என்று மெல்ல மெல்ல அசைப்பார். மூளை தானே வழி கண்டுபிடிக்கட்டும் என்பது கணக்கு. உள்ளங்காலில் ஒரு பலகையைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். படுத்தபடியே தரையில் நிற்கும் உணர்வைப் பாதத்துக்குக் காட்டும் வித்தை அது! என்னைக் கேட்டால், அவர் செய்ததிலேயே அபாரமானது இந்தப் பலகைதான்.

அவருடைய மாணவி அனத் பனியேல் இந்த அசைவுப் பயிற்சியைச் சிறப்புக் குழந்தைகளுக்கான தனி முறையாகவே அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார். ஆனால் இதற்கான ஆய்வுச் சான்று இன்னும் வலுவாக இல்லை. பிசியோதெரபியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் உஷார்!

அதிருக்கட்டும், அன்றைய இஸ்ரேல் பிரதமர் பென் குரியன் எழுபது வயதில் ஹெர்ஸ்லியா கடற்கரையில், அரைக்கால் சட்டையோடு தலைகீழாக நிற்கும் 1957-ஆம் ஆண்டுப் புகைப்படம் பார்த்திருக்கிறீர்களா? அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த வாத்தியாரும் சாட்சாத் இந்த முழங்கால்காரரேதான்!